எழுத்துப்புடவுக்கு ஒரு கைநாட்டு

மயிலாடும்பாறை,
தை 25.

அன்பு மகன் விஜய்பாண்டிக்கு அம்மா எழுதுவது. நீயும் யுவராணியும் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடி அண்டாமல் இருக்க நம் கருப்பு துணை நிற்கட்டும். இங்கே உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் கோபம், மற்றபடி இரண்டு பேரும் சுகம்தான். இலவமரம் எல்லாம் இந்த வருசம் நன்றாகக் காய்த்திருக்கிறது, காய் வெடிக்கிற நேரத்தில் மழை வந்து பஞ்சை நனைக்காமல் இருந்தால் போதும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்ததுமே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். இங்கே பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிற எப்சிபா டீச்சர் இதைப் படம் எடுத்து உன் செல்லுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். காகிதம் பின்னால் தபாலில் வரும்.

நம் கருப்பு இருக்கிற மலைக்குகை உனக்கு மறந்திருக்காது. பாறைச் சுவரில் வெள்ளையாக ஒரு குதிரை, அதன்மேல் கையை ஓங்கின ஆள், பக்கத்தில் கைகோத்து ஆடுகிற ஆட்கள், அதெல்லாம் இருக்கப் போய்த்தான் அதற்கு எழுத்துப்புடவு என்று பேரே வந்தது. எந்தக் காலத்தில் யார் எழுதினது என்று நமக்குத் தெரியாது, கருப்புக்குக் கோயில் வருமுன்னே எழுதினது என்று டீச்சர் சொல்கிறார். அந்தச் சுவரில்தான் உன் சித்தப்பா மகன் மதன்குமார் நீல எனாமல் பெயிண்ட் அடித்து, இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டப் போகிறானாம். பழனிசெட்டிபட்டியில் டைல்ஸ் கடை வைத்தாலும் வைத்தான், அவன் கண்ணுக்கு வெறும் பாறையே ஆகவில்லை. சுவரெல்லாம் அழுக்காக இருக்கிறது, சிவராத்திரிக்கு முன்னால் கோயிலைப் புதுசாக்கணும் என்கிறான். டீச்சர் வந்து, தொல்லியல் துறைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், ஆள் வந்து பார்க்கிறவரை தொடாதீர்கள் என்று கேட்டதற்கு, அவுக நம்ம பங்காளியும் இல்ல, நம்ம சாமியக் கும்பிடுறவுகளும் இல்ல என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். நான் விடுவேனா, நான் பங்காளி வீட்டுக்காரிதானே, என்னைக் கேட்டாயா என்றேன். உடனே செல்லை நீட்டுகிறான், சாமிப்பெட்டி இருக்கிற வீட்டு மகனே சம்மதம் சொல்லிட்டான் பெரியம்மா என்று. பார்த்தால் பங்காளிகள் குரூப்பில் உன் பேர், அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல்.

ஏலே, எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ரேஷன் கடை மிஷினைத் தவிர வேறெங்கும் நான் கட்டைவிரல் வைத்ததில்லை, எழுத்துக் கூட்டியாவது மொக்கம்மாள் என்று கையெழுத்துத்தான் போட்டிருக்கிறேன். நீ இன்ஜினியரிங் படித்துவிட்டு, வந்த செய்தியை முழுசாகப் படிக்காமல் கைநாட்டு வைத்திருக்கிறாய். அந்தக் கைநாட்டை நம்பித்தான் மலையடிவாரத்தில் டைல்ஸ் பெட்டிகளை இறக்கி வைத்திருக்கிறார்கள், வருகிற வெள்ளிக்கிழமை கொத்தனார் வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் நம் வீட்டில் கூடினார்கள். அன்றைக்குத்தான் உன் அப்பாவுக்குக்கூடச் சொல்லாத ஒன்றை எல்லார் முன்னாலும் சொன்னேன், உனக்கும் சொல்லிவிடுகிறேன். நான் வாக்கப்பட்டு வந்த முதல் சிவராத்திரிக்குக் குகையைக் கழுவிவிடச் சொல்லி அனுப்பினார்கள். புது மருமகள், நல்ல பேர் வாங்கணுமே. கைக்கு எட்டின உயரத்துக்குச் சுவரில் இருந்த வெள்ளையை வௌவால் எச்சம் என்று நினைத்து, தேங்காய் நாரும் சீயக்காயும் போட்டு பாறை கருக்கிற மட்டும் தேய்த்தேன். பின்னால் தள்ளி வந்து பார்த்தால் குதிரைக்குக் கால் நாலும் இல்லை. பளிச்சென்று இருக்குதே என்று எல்லாரும் என்னை மெச்சினார்கள். இதைக் கேட்டுவிட்டு மதன்குமார் சிரிக்கிறான், நீங்க தேச்சதுக்கே சாமி ஒண்ணும் பண்ணல, நாங்க பெயிண்ட் அடிச்சாப் பண்ணிருமா என்று.

"சாமி ஒண்ணும் பண்ணலப்பா. நாந்தான் நாப்பது வருசமா காலில்லாத குதிரை முன்னாடி நிக்கிறேன். இப்பச் சொல்றேன் கேட்டுக்க, பெயிண்டு டப்பா மலையேறுனா சாமிப்பெட்டி ஏறாது. இங்கனயே இருக்கட்டும்" என்றேன்.

சாமியின் பட்டும் சதங்கையும் இருக்கிற அந்தப் பெட்டி போகாமல் சிவராத்திரிப் பூசை இல்லை, இந்த வீட்டுப் பெண் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தொட்டுக் கொடுக்காமல் அதை யாரும் தலையில் ஏற்றவும் முடியாது. அது அவர்கள் வைத்த வழக்கம்தான், நான் வைத்தது இல்லை. பிறகு பெரியவர்கள் பேசி, பெட்டி வீட்டு மகன் சம்மதத்தைத் திருப்பி வாங்கினால் வேலையை நிறுத்துகிறோம், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை தொடங்கும் என்று முடித்துவிட்டார்கள். உன் அப்பா பங்காளிப் பகை வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு நாள் முனகினார். மூன்றாம் நாள் கட்டிலைத் தூக்கிவந்து பெட்டி அறை வாசலை மறித்துப் போட்டுக்கொண்டார். என்ன என்று கேட்டால் இங்கனதான் காத்து நல்லா வருதாம்.

நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் பெட்டியைத் தொட்டுக் கொடுக்க மாட்டேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் என் மகன் பேரைச் சொல்லி அந்தச் சுவரை அழித்தார்கள் என்ற சொல் எனக்கு வேண்டாம். நான் தெரியாமல் அழித்தேன், நீ பார்க்காமல் அழித்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு, யுவராணியையும் சாப்பிட வை, குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வெளியே போகாதே. பிள்ளைகுட்டி பெற்று நல்லா இருங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் குரூப்பில் உன் பேர் போட்டு, வேண்டாம் என்று தமிழில் எழுது. எனக்கும் ஒரு வரி பதில் எழுது. கட்டைவிரல் மட்டும் அனுப்பாதே.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடுகிற உன் அம்மா
அ. மொக்கம்மாள்