கல் வேகுமா

அந்துருண்டை நெடிதான் முதலில் வந்தது. பிறகு தூசி படிந்த கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால், உன் வீட்டுக் கல்.

இன்று காலை மழைக்கு ஒதுங்கித்தான் உள்ளே நுழைந்தேன். சென்னையில் நாம் படித்த காலத்தில் ஞாயிறுதோறும் சுற்றிய அதே அருங்காட்சியகம். பாலூட்டிகளின் புதைபடிவக் கூடம். நீ போன இந்த மூன்று ஆண்டுகளில் நான் இந்தப் பக்கம் வரவில்லை. அதே தாடை எலும்புகள், அதே கொம்புகள். மூலையில் மட்டும் ஒரு புதிய பெட்டி.

கண்ணாடித் தூசியைக் கையால் துடைத்தேன்.

முதன்முறை வந்தபோது நீ கத்தியது நினைவிருக்கிறது. இதே கூடம். யானையின் கடைவாய்ப்பல் ஒன்று, மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப்போனது. வரிவரியாக மேடும் பள்ளமும். நீ குனிந்து பார்த்தாய்.

"டேய், இது மாதிரி ஒண்ணுலதாண்டா எங்கம்மா அருவா தீட்டுது!"

காவலர் அதட்டினார். நீ சிரிப்பை அடக்கவில்லை. "மியூசியத்தச் செத்த காலேஜ்னு சும்மாவா சொல்றாங்க? இங்க கண்ணாடிப் பெட்டி, எங்க வீட்ல மாட்டுக் கொட்டா. அவ்வளவுதான்."

நம் ஊரில் கல் கிடையாது. எத்தனை ஆள் ஆழம் வெட்டினாலும் வண்டல்தான். குளம் வெட்டும்போது உன் அப்பாவின் மண்வெட்டியில் ணங்கென்று ஒன்று இடித்தது. கல் கிடைத்துவிட்டது என்று தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோனார். பத்து வருஷம் உன் அம்மா அதில் அரிவாள் தீட்டினார்கள். பல் என்று யாருக்குத் தெரியும்? கல்லே இல்லாத ஊரில் கனமாக, கெட்டியாக எது கிடைத்தாலும் அது கல்தான்.

பட்டணத்தில் எனக்கு நீ 'டா' போடுவாய். கும்பகோணத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் 'சின்னய்யா' ஆகிவிடுவேன். "டாவை வேட்டில முடிஞ்சு வச்சிருக்கேன், பத்திரமா இருக்கும்" என்பாய். நான் சிரிப்பேன். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது தெரியவில்லை.

அதற்கடுத்து ஊருக்குப் போன விடுமுறையில் நான்தான் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிடும்போது, பெருமையாக. உன் வீட்டில் இருப்பது யானைப் பல், அருங்காட்சியகத்துக்காரர்கள் கண்டால் விடமாட்டார்கள், நீயே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறாய் என்று.

அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். "எந்தக் கொளத்துல கெடச்சுது?"

"நம்ம கொளத்துல."

"அப்பறம் அவன் யாரு குடுக்கறதுக்கு?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தை அறுவடை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டது உன் தெரு. வெளியூர் ஆட்களை இறக்கினார் அப்பா. உன் தெரு வரப்பில் உட்கார்ந்து மறித்தது. அறுவடைக்கென்று ஊரில் தங்கிவிட்ட நீ சென்னைக்கு எனக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் ஒரு வரி: "கோட்டையில ஆளு மாறிட்டாங்க, களத்துல யாரு மாறினா?"

நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பதில் போடவில்லை.

பட்டப்பகலில் எரிந்தது உன் தெரு. நான் மறுநாள் வந்தபோது சாம்பலில் சூடு இருந்தது. எல்லோரும் வெளியே ஓடி வந்திருந்தார்கள். நீயும் அம்மாவும் புகையைப் பார்த்து வயலிலிருந்து ஓடி வந்திருந்தீர்கள். பிறகு நீ மட்டும் உள்ளே போயிருக்கிறாய். கல்லை எடுக்க. அம்மா கையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லையாம். கூரை விழுந்துவிட்டது.

உன் அம்மா அழவில்லை. சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

"சின்னய்யா, ஒங்கப்பாரு நேத்து எங்க தெருக்கோடில நின்னாங்க. காரு நின்னுச்சு. நான் பாத்தேன்."

"இல்லம்மா. அப்பா கும்பகோணத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க." அப்பா அப்படித்தான் சொன்னார். போலீசிடமும் அதையேதான்.

"காலையில கூட அதுலதான் அருவா தீட்டுனேன். தீட்டிட்டு நானும் அவனும் வயப்பக்கம் போயிட்டோம். இப்பக் காணும். கல்லு வேகுமா, சின்னய்யா?"

நான் விலங்கியல் படித்தவன். விளக்கினேன். அது கல் இல்லை, பல், அந்தச் சூட்டில் வெடித்துப் பொடியாகியிருக்கும் என்று. அவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். குச்சியைக் கீழே போட்டார்கள்.

வழக்கில் அப்பா பெயர் இல்லை. ஒரு பல்லுக்காக நெருப்புக்குள் போனானே முட்டாள் என்று மூன்று வருஷமாக உன்மேல் கோபமாக இருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதிய பெட்டிக்குள் அட்டை. தட்டச்சு எழுத்து. யானையின் கடைவாய்ப்பல். குடவாசல் அருகே குளம் வெட்டியபோது கிடைத்தது. மேற்பரப்பிலுள்ள கீறல்கள் பழங்கால மனிதரின் கருவிகளால் ஏற்பட்டவையாகலாம். நன்கொடை: என் அப்பாவின் பெயர், மிராசுதார்.

ஓரத்தில் உன் அப்பாவின் மண்வெட்டி பட்ட உடைசல். நடுவில் உன் அம்மா தீட்டித் தீட்டி விழுந்த குழி. விரிசல் இல்லை. கரி இல்லை. தீ அதைத் தொடவே இல்லை.

நீ உள்ளே போனபோது அது அங்கே இல்லை.

புகையில் நீ எங்கெல்லாம் தடவிப் பார்த்திருப்பாய்? கொட்டகை மூலை. தண்ணீர்ப் பானைக்கு அடியில். அது அப்பாவின் காரில் இருந்தது. கிடைக்காததால்தான் இன்னும் உள்ளே போனாயா?

கூடத்தின் வாசலில் பார்வையாளர் புத்தகம். நூலில் கட்டிய பென்சில். எழுதினேன். 'கீறல்கள் பழங்கால மனிதருடையவை அல்ல. அஞ்சலை என்பவரின் அரிவாள். அவர் உயிரோடு இருக்கிறார். இது அவர் வீட்டிலிருந்து, அந்த வீடு எரிந்த நாளில் எடுக்கப்பட்டது. நன்கொடை கொடுத்தவரின் மகன் நான்.' பெயர், முகவரி, கையெழுத்து.

காவலர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, ஒரு பக்கம் ரொப்பிக்கினே? ரொம்ப நல்லாக்கீதுன்னு போட்டுட்டுப் போவியா..."

அட்டையில் இருந்ததை அவருக்கு எதிரிலேயே ஒரு தாளில் பிரதி எடுத்துக்கொண்டேன். அது இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. இதை ரயிலில் எழுதுகிறேன். கும்பகோணத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகப்போவதில்லை. முதலில் உன் தெரு. பிறகு காவல் நிலையம், உன் அம்மாவும் வந்தால்.

அவர்களிடம் என்ன சொல்வதென்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு வரிக்கு மேல் வரவில்லை.

கல் வேகலம்மா. நீங்க பாத்தது நெசம்.