ஆளுக்கு ஒரு பக்கெட்

மார்கழி 8. பனி.
காலை ஆறு மணிக்கே குழாயில் வெதுவெதுப்புதான். நேற்று சாயங்காலம் கை வைக்க முடியாத தண்ணீர் எங்கே போச்சு? கரண்டை மிச்சம் பண்ண ஹீட்டரைக் கழற்றிப்போட்டு, மாடியில் சோலார் வைத்தவள் நான். குழாய் முழுக்கச் சாக்கு சுற்றியவள் நான். ஆளுக்கு ஒரு பக்கெட் என்று சட்டம் போட்டவளும் நானே.
சந்தேகம்: மாடி வீட்டு அமுதா. என் ஓரகத்தி. மொட்டைமாடிப் படி அவள் வாசலை ஒட்டித்தான். மேலே சோலார் தொட்டியடியில் ஒரு குழாய் வேறு.
வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். விடியுமுன் குளத்தில் பச்சைத்தண்ணீர்க் குளியல். பாவம்.

மார்கழி 9.
தொட்டிக் குழாயின் திருகில் சிவப்புப் பட்டு இழை ஒன்று கட்டினேன். திருகினால் அறும்.

மார்கழி 10.
அறுந்திருந்தது. மாட்டினாள்!
மாடி வீட்டு வெந்நீர் வால்வை மூடினேன். கைப்பிடியைக் கழற்றி அரிசி டின்னுக்குள் புதைத்தேன்.
"அக்கா, எங்க குழாய்ல வெந்நீர் வர்ல. உங்களுக்கு வருதா?"
"வெயில் பத்தல மா." முகத்தைப் பார்த்தே சொன்னேன். பரம திருப்தி.

மார்கழி 13. குளிர் அதிகம்.
என் தறியில் கோர்வைப் புடவை, கரையைத் தனியாகக் கோர்த்து நெய்வது. வலப்பக்கக் கரைக்கு அவள் உட்கார்ந்தால்தான் தறி ஓடும். தை பிறந்ததும் அறுத்துக் கொடுக்கணும்.
அவள் விரலெல்லாம் வெடிப்பு. பட்டு மாட்டி, கரையில் இரண்டு இடம் பிசிறு. எண்ணெய் தடவினால் கறை. கையை வெந்நீரில் ஊறவைக்கணும்.
"பச்சத்தண்ணில பாத்திரம் தேச்சிக்கினு இருக்கேன்கா, அதான்."
நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். பிசிறு என் புடவையில் என்பது அப்புறம்தான் உறைத்தது.
சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் முசரவாக்கம் கிளம்பினார்கள். அவள் அம்மா வீடு. கை ஆறணுமாம். நான் புது இழை கட்டினேன், சும்மா.

மார்கழி 14.
மாடி வீடு பூட்டு. இழை அறுந்திருக்கிறது.
தறி நிற்கிறது.

மார்கழி 15. விடிகாலை நாலரை.
மொட்டைமாடிப் படியில் பதுங்கினேன். ஆவி பறக்குது. "சாமியே சரணம்" என்று முணுமுணுப்பு. கழுத்தில் துளசி மாலையோடு என் வீட்டுக்காரர், சொம்பு சொம்பாக வெந்நீர். பக்கத்தில் மூன்று பக்கெட்.
"குளத்துத் தண்ணி ஜில்லுனு இருக்குதா சாமி?"
சொம்பு உருண்டது. "சளி புடிச்சிருக்குது மா... இன்னிக்கு மட்டும்தான்..."
மாலை போட்டவரைத் திட்டக்கூடாது. திட்டவில்லை.
ஏழு மணிக்கு முசரவாக்கத்துக்குப் போன். "வந்துடு அமுதா. வால்வை மூடினது நான்தான்."

"தெரியும்கா. அன்னிக்கே உங்க டின்ல கடனா அரிசி எடுக்கறப்ப கைப்பிடி கையில தட்டுச்சு. நீங்களா எடுத்து மாட்டுவீங்கன்னு பாத்தேன்."
போனை வைத்த பிறகும் காது சுட்டது. ஓடிப்போய்க் கைப்பிடியை மாட்டி வால்வைத் திறந்தேன்.

அதே நாள், மத்தியானம்.
அமுதா வந்தாச்சு. அண்டாவில் வெந்நீர், அவள் இரண்டு கையும் அதில்.
தொட்டிக் குழாயின் திருகு இப்போது அரிசி டின்னில். சாமி மலைக்குப் போக இன்னும் பதினாறு நாள்.