ராகலை பஸ் வரும்வரை

பிரியமுள்ள ராசு,

நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டது. ஆசிரியர் அறையில் உன் நாற்காலியை மறுவாரமே உப அதிபர் இழுத்துக்கொண்டார்.

உன் வகுப்பு நடக்கிறது. தோட்டப் பள்ளிகளிலிருந்து நுவரெலியாவுக்கு, கல்லூரி என்று பெயர் வைத்த நம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, மேல்வகுப்பில் நன்றாகப் படிக்கிற மாணவர்களே காலையில் பாடம் சொல்லி வழிகாட்டும் அந்த வகுப்புத்தான். நாம் தொடங்கியபோது "லயத்துப் பிள்ளைக்கு லயத்துப் பிள்ளையே வாத்தியாரா?" என்று, தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளை இளக்காரமாகச் சொல்லிச் சிரித்த அதே உப அதிபர், பரிசளிப்பு விழாவில் அது தன் யோசனை என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. மறக்கவும் மாட்டேன்.

சனிக்கிழமைப் பயிற்சிதான் கஷ்டமாக இருக்கிறது. பெரிய மாணவர்கள் பாடம் நடத்திப் பழக, நீ முன்வரிசை வாங்கில் புதுப் பிள்ளையாக உட்கார்ந்து, புரியாமல் விழித்து, சில நேரம் அழுதும் காட்டுவாய். இப்போது அந்த இடத்தில் நான் உட்காருகிறேன். எனக்கு நடிப்பு வரவில்லை. பையன்கள் மரியாதைக்குச் சிரிக்கிறார்கள். முடிந்ததும் அவர்கள் கூட்டமாகப் போகிறார்கள். நான் கதவைப் பூட்டுகிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

சண்முகத்தை நினைவிருக்கிறதா? கந்தப்பளைத் தோட்டத்துப் பையன், நீயே பொறுக்கி எடுத்தவன். தோட்டத்து ஆட்கள் பலரைப்போலக் குடியுரிமை இல்லை என்பதால் அரசாங்க ஆசிரியர் வேலை அவனுக்குக் கிடைக்காது. அவன் வாத்தியாராக நிற்கப்போவது இந்த ஒரு வகுப்பில்தான். பனியில் ராகலை பஸ் பிந்திய ஒரு காலையில், அதில் வந்த லெச்சுமி என்ற புதுப் பிள்ளையை அவன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். அவள் மறுநாள் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை.

கோபத்தில் அவனை வகுப்பிலிருந்து நீக்குவதாகச் சொன்னேன். பிறகு, நீ இருந்தால் கேட்டிருப்பாய் என்பதால், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"பெரட்டுக்குப் பிந்தி வந்தா கண்டாக்கு வெரட்டிருவாருங்க சார். பொறுப்புல நிக்கிறவங்க அப்படித்தான் செய்யணும்னு நெனச்சேன்."

தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பிரிக்கிற கண்டாக்குத்தான் அவன் மனதில் அதிகாரி. நாம் இரண்டு பேர் இத்தனை காலம் அவன் முன்னால் நின்றோமே, ராசு, நாம் யாராகத் தெரிந்தோம்?

அந்தச் சனிக்கிழமை பயிற்சியை விட்டுவிட்டு நானும் அவனும் ராகலைக்குப் போனோம். லெச்சுமியின் அப்பா எங்களை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். அவருக்குக் கோபமே இல்லை. பிந்தினால் விரட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்த நியாயம்.

"பேர வெட்டிட்டாங்கன்னு நெனச்சோம் சாமி. திங்கக்கெழம தேயிலக் கொழுந்தெடுக்க அவ பேரப் பதியச் சொல்லியிருக்கேன்" என்றார்.

சண்முகம் எழுந்து நின்றான். "பேர வெட்டல மாமா. நாந்தான் தப்பா வெரட்டிட்டேன். இனிமே ராகலை பஸ் வர்ற வரைக்கும் பாடத்த தொடங்க மாட்டேன்."

அடுப்படியிலிருந்து லெச்சுமி கேட்டாள்: "பஸ்ஸே வரலேன்னா?"

"எல்லாரும் சும்மா ஒக்காந்திருப்போம். ஒன்னய திட்டிக்கிட்டு."

அவள் சிரித்தது மட்டும் கேட்டது. வருவாளா என்று தெரியாமலே திரும்பினோம்.

திங்கட்கிழமையும் பஸ் பிந்தியது. வகுப்பு முழுக்கக் காத்திருந்தது. உப அதிபர் எட்டிப் பார்த்து முறைத்துவிட்டுப் போனார்; சண்முகம் தொடங்கவில்லை. நான் பழக்கதோஷத்தில் முன்வாங்கில், உன் இடத்தில், உட்கார்ந்திருந்தேன். லெச்சுமி நனைந்த தலையோடு வந்து வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே வா என்று சொல்லி அவன் முன்வாங்கைக் காட்டினான். நான் எழுந்துகொண்டேன்.

பாடம் சொல்லப் பழக்கினோம். பிந்தி வருகிற பிள்ளையை உள்ளே அழைக்க நாம் யாரையும் பழக்கவில்லை. இனிச் சனிக்கிழமைகளில் நான் கதவுக்கு வெளியே நிற்பேன். ஒவ்வொருவனும் வந்து என்னை உள்ளே கூப்பிட்டுப் பழகட்டும். அதற்கு எனக்கு நடிப்பு தேவைப்படாது.

உன்னை இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்
உன் மச்சான்,
வேலு