உமிச் சாம்பலுக்குள் உன் லாரி ஹெட்

என் நெஞ்சை விட்டு நீங்காத மாப்பிள்ளை கலியபெருமாளுக்கு,

நல்ல சேதி வந்தால் எழுதலாம் என்று இருந்தேன். அது வாய்க்கவில்லை. உன் லாரி படுத்துவிட்டது. இஞ்சின் மேல் உட்காரும் இரும்பு ஹெட்டில் விரிசல். குறுவை அறுப்பு முடிந்து வயலெல்லாம் வைக்கோல் கட்டுகள் கிடக்கின்றன; ஏற்றிப்போக வண்டி இல்லை. உன் மனைவி, என் தங்கை மரகதம், வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறாள். நீ கண்ணை மூடியபின் அவளுக்குச் சோறு போடுவது அந்த வண்டிதான். அதை நான் எப்படி விடுவேன்?

ஆடி கழிந்ததிலிருந்தே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது. கீழே ஒரு சொட்டு ஒழுக்குக் கிடையாது. காலையில் கிளப்பினால் சைலன்சரில் வெள்ளைப் புகை. மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டால் உலை கொதிப்பதுபோல் குமிழி. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் கலந்து, பால் விட்ட டீ மாதிரி வந்தது. வெல்டிங் கடை அருள், "கேஸ்கெட்டுதான் போயிருக்கும் பெரியப்பா, மாத்துங்க" என்றான். மாற்றினேன். ஒரத்தநாட்டு மாட்டுக்காரர்களுக்கு ஒரு லோடு ஏற்றிப் புறப்பட்டேன். பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. லோடோடு கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தினோம்.

ஹெட்டைக் கழற்றினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே கோலமாவைத் தூவினேன். விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து மாவை நனைத்தது. இரண்டு வால்வுகளுக்கு நடுவே மயிரிழை போல ஒரு கோடு.

மரகதம் பார்த்துக்கொண்டே நின்றாள். "அண்ணே, நான் ஊத்துன தண்ணியாலயா?"

இங்கேதான் மாப்பிள்ளை, எனக்கு உன்மேல் கோபம். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததும் ஒரு குடம் மொண்டுவந்து, குடத்துக்குப் பொட்டு வைத்து, ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கத்தை யார் தொடங்கியது? நீதானே? நீ விடியற்காலையில், இஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஊற்றுவாய். ஏன் அந்த நேரம் என்று ஒரு நாளாவது வாய்திறந்து சொன்னாயா? அவளுக்குக் குடம் மட்டும்தான் தெரியும். இந்த வருஷம் தண்ணீர் வந்த அன்று நான் லோடு இறக்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். ஆவி போகட்டும் என்று மூடி திறந்து கிடந்தது. உன் நினைப்பில் குடத்தோடு வந்தவள், நெருப்பாய்க் கிடந்த இஞ்சினில் அந்தப் பச்சைத்தண்ணீரை ஊற்றிவிட்டாள்; சூட்டு இரும்பு தாங்குமா?

"பழைய வண்டிம்மா, எப்ப வேணாலும் விட்டிருக்கும்" என்றேன்.

"பொய் சொல்லாதீங்கண்ணே. அவரு வண்டிய நானே ஒடைச்சிட்டேன். அது என் கண்ணு முன்னாடி நிக்க வேணாம். வித்துடுங்க."

 வேறு ஹெட் தேடித் தஞ்சாவூர் முழுக்க அலைந்தேன். இந்த மாடலுக்குப் புதுசு வருவதே இல்லையாம். பழசாகக் கிடைத்ததெல்லாம் நம்முடையதைவிட மோசம். அருளைப் பிடித்துப் பற்றவைக்கச் சொன்னேன். "வார்ப்பிரும்பு பெரியப்பா, பக்கத்துலயே விட்டுடும்" என்று முனகிக்கொண்டே வைத்தான். ஆறும்போது 'டிங்' என்று ஒரு சத்தம். பற்றுக்குப் பக்கத்திலேயே புதுக் கோடு.

"சொன்னனா இல்லையா? நீங்களும் இதுவும் ஒரே வார்ப்பு. வளையவே மாட்டீங்க."

"வாய மூடிக்கிட்டு மறுபடி வை."

எனக்கு யாரும் பாடம் சொல்லித் தரவில்லை. ஆனால் யோசித்தேன். பற்றில் பிழை இல்லை, காற்றில் சடக்கென்று ஆறியதுதான் பிழை. ரைஸ்மில்லிலிருந்து உமி அள்ளி வந்து வாசலில் மூட்டம் போட்டேன். உமி நெருப்பு பொங்காது; உள்ளுக்குள்ளேயே கனியும். விரிசல் மேலும் ஓடாதபடி இரண்டு முனையிலும் துளை போட்டு, ஹெட்டை அதற்குள் புதைத்து, முழுக்கச் சூடேறியதும் எடுத்தோம். அருள் நிக்கல் ராடால் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைத்தான். திரும்பவும் சுடுசாம்பலில் புதைத்துவிட்டோம். தானாக ஆற வேண்டும்.

அந்தக் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காலையில் திருக்காட்டுப்பள்ளி வயல்காரர் போன் செய்தார். "அடுத்த போகம் தாளடிக்கு உழவு ஓட்டணுங்க. நாளைக்குள்ள வைக்கோல அள்ளலேன்னா கொளுத்திடுவேன்." வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எதை வைத்துச் சொன்னேன்? உள்ளே பிடித்திருக்கிறதா, விட்டிருக்கிறதா? உனக்காவது தெரியுமா மாப்பிள்ளை?

மதியம் மேற்கே கறுத்துத் தூறல் விழுந்தது. சாம்பலில் ஈரம் இறங்கினால் எல்லாம் போச்சு. மறைக்க எதைத் தேடுவது என்று நான் தடுமாறி நிற்கும்போதே மரகதம் லாரிமேல் ஏறிவிட்டாள். லோடின் மேல் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து இழுத்தாள்.

"ஏய், வைக்கோல் நனையும்மா!"

"நனையட்டும். அந்தப் பக்கம் புடிங்கண்ணே."

ஒரு பக்கம் லாரியிலும் மறுபக்கம் தென்னையிலும் கட்டி, சாம்பலுக்கு மேலே உயரத் தூக்கி நிறுத்தினோம். அப்போது அவள் போன் அடித்தது. காயலான் கடைக்காரர். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டி வேலையில இருக்குங்க, விக்கிறதுக்கில்ல" என்று வைத்துவிட்டாள்.

இப்போது மழை கொட்டுகிறது. ஏற்றிய வைக்கோல் முழுக்க நனைந்துவிட்டது. நானும் அவளும் தார்ப்பாய்க்குக் கீழே, குவியலுக்கு ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறோம். 

ஆறியதும் எடுத்துப் பார்ப்பேன். கோடு தெரிந்தால் திரும்ப உமி மூட்டுவேன். அதுவும் விட்டால் அதற்கும் மேலே மூட்டுவேன். விற்பதற்கில்லை என்று உன் பெண்டாட்டி சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லை நான் காப்பாற்றிக் கொடுப்பேன். இது சத்தியம்.

உன்மேல் கோபம் தீராத,
உன் மச்சான்
கோவிந்தராசு