அடை சுட்ட கை

விழுப்புரம்
12.4.94

அன்புள்ள பவுலின் அவர்களுக்கு,

எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். வரும் ஞாயிறு பூசையில் நம் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசிக்கிறார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, மே பதினெட்டு கல்யாணம். இனி எழுதலாம்.

மாலையில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டுக் காலை ஏழரைக்கே வந்து நின்றோம். ஸ்டேஷனில் என் டூட்டியை மாற்றிவிட்டார்கள். பாவம், கேசரி பஜ்ஜிக்கு நேரமில்லாமல் வீட்டுக்குச் செய்த அடையையே வைத்தீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன். உங்கள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அடையைப் பார்த்தேன். கேப்பை, கம்பு, சோளம், என்னென்னவோ பருப்பு. ஓரம் மொறுமொறு. நடுவில் மெத்து. ஐந்து சாப்பிட்டேன். "எல்லாம் எங்க பவுலின் கைதாங்க" என்றார் உங்கள் அம்மா. அதை என் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

நேற்று அம்மாவும் செய்து பார்த்தார். மாவை இட்லிக்குப்போல வழவழவென்று அரைத்துப் பொங்க வைத்தார். புளித்து, கல்லோடு ஒட்டிக்கொண்டது. அளவும் முறையும் எழுதுங்கள்.

ஸ்டீபன்ராஜ்


திண்டிவனம்
16.4.94

அன்புள்ள உங்களுக்கு,

(பெயரை எழுதினால் அம்மா திட்டுவார்.)

கேப்பை, கம்பு, சோளம் ஒவ்வோர் ஆழாக்கு. எட்டு மணி நேரம் ஊற வேண்டும். புழுங்கலரிசி ஓர் ஆழாக்கு, நான்கு மணி நேரம். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு அரை அரை ஆழாக்கு. இரண்டு மணி நேரம் போதும். எல்லாவற்றையும் சேர்த்து ஊறவைத்தால் பருப்பு குழைந்துவிடும். காய்ந்த மிளகாய், சோம்பு, பூண்டு வைத்துக் கொரகொரவென்று அரைக்க வேண்டும். பொங்க வைக்கக் கூடாது. வெங்காயம், முருங்கைக்கீரை. கல்லில் தட்டி, நடுவில் ஓர் ஓட்டை போட்டு, அதிலும் எண்ணெய் விட வேண்டும். மல்லாட்டை எண்ணெய், கடையில் கடலை எண்ணெய் என்று கேளுங்கள்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை. நானூறு விடைத்தாள்.

பவுலின்


விழுப்புரம்
21.4.94

அன்புள்ள பவுலின்,

என்ன உறுத்துகிறது என்று புரியவில்லை. உங்கள் முறைப்படி செய்ததில் அம்மாவுக்குப் பாதி வந்தது. பாதி ஒட்டியது. "அந்தப் பொண்ணு கை வேற" என்கிறார்.

ஒரு செய்தி. கல்யாணத்துக்கு மறுநாள் காலை எங்கள் தெருவையே அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். நீங்கள் அடை சுடுகிறீர்களாம். நாற்பது பேர்.

ஸ்டீபன்ராஜ்


திண்டிவனம்
24.4.94

அன்புள்ள உங்களுக்கு,

இன்று இரண்டாம் ஓலை. "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்" என்று வாசித்தபோது நானே எழுந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

எனக்கு அடை சுடத் தெரியாது. டீ போடுவேன். அவ்வளவுதான்.

நீங்கள் சாப்பிட்ட ஐந்தையும் சுட்டவர் என் அப்பா. டெய்லர் லூர்துநாதன். அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா. காலை ஆறு மணிக்குப் போய்விடுவார். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு அப்பாதான். அன்று அம்மாவுக்கு லீவு. அப்பா அடுப்படியில் மாவோடு நின்றபோது நீங்கள் வந்துவிட்டீர்கள். "ஆம்பள சுட்டதுன்னு தெரிஞ்சா கேவலமா நெனப்பாங்க. வெளிய தல காட்டாதீங்க" என்றார் அம்மா.

அப்பா சுடச்சுட என் தட்டில் வைத்தார். நான் கொண்டுவந்து பரிமாறினேன். பிறகு அவர் கை கழுவிவிட்டு, கொல்லைப் பக்கமாகச் சுற்றி, கடையிலிருந்து வருகிறவர் மாதிரி வாசலில் நுழைந்து உங்களுக்கு வணக்கம் சொன்னார். அது எனக்குத் தாங்கவில்லை. அளவு எழுதினேனே, அதுவும் அவர் சொல்லச் சொல்ல எழுதியது.

சுடத் தெரியாதது விஷயம் இல்லை. கற்றுக்கொள்ளலாம். அப்பா கையை என் கை என்று இனி ஒரு நாளும் சொல்ல மாட்டேன். இது தடை என்றால் இன்னும் ஒரு ஞாயிறு இருக்கிறது.

வியாழக்கிழமை உங்கள் கோட்டுக்கு அளவெடுக்க அப்பா வருகிறார். நான் இப்படி எழுதியது அவருக்குத் தெரியாது.

பவுலின்


விழுப்புரம்
2.5.94

அன்புள்ள பவுலின்,

கடிதம் புதன்கிழமை வந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மறைத்தால் நானும் கொல்லைப் பக்கமாகச் சுற்றிவருகிற மாதிரி இருந்திருக்கும்.

"அப்போ நான் தெருவெல்லாம் சொல்லிக்கினு வந்தது பொய்யா? எம் மூஞ்ச எங்கடா வெச்சிக்கறது?" என்று குண்டானைத் தூக்கிப் போட்டார். பங்குச் சாமியாரைப் பார்த்து ஓலையை நிறுத்தப்போவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

வியாழன் காலை அளவெடுக்க மாமா வந்தார். அம்மா வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. என் தோளில் மாமா டேப்பை வைத்த நேரம், அடுப்படியிலிருந்து குரல்.

"சோளம் எத்தினி மணி நேரம் ஊறணும்?"

"எட்டு மணி நேரம்ங்க" என்றார் மாமா. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. டேப் கீழே விழுந்தது.

"ஊறிக்கினுதான் இருக்குது. வந்து அரைங்க. எனக்கு ஒட்டிக்கினே போவுது, பேஜாரா இருக்குது."

மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சண்டை. "இவ்ளோ நைசா அரைச்சா எப்படிங்க சம்மந்தி? நிறுத்துங்க, நிறுத்துங்க." "எங்க வூட்டு அடுப்படியில என்னையே அதட்டறாரு பாருடா!" கல்லில் முதல் அடை விழுந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அம்மா நான்கு சாப்பிட்டார். பிறகு சுவரில் இருந்த என் அப்பா படத்தைப் பார்த்து, "ஒரு நாளாவது ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடிச்சிருப்பியா நீ?" என்றார்.

நேற்று மூன்றாம் ஓலை. யாரும் தடை சொல்லவில்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும், எதிர்வீட்டுச் செண்பகம் அக்கா அந்த நாற்பது பேர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். கோயில் வாசலில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அம்மா சொன்னார்: "அன்னிக்கி அடை சுட்டது எம் மருமவ இல்ல. எங்க சம்மந்தி. அவரு கை மாதிரி யாருக்கும் வராது. கல்யாணத்துக்கு மறுநாள் எம் மவன் சுடுவான். சம்மந்தி சேர் போட்டு ஒக்காந்து சாப்பிடுவாரு. அத்தினி பேரும் வாங்க."

எனக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. தினம் காலை கற்றுக்கொள்கிறேன். ஒட்டுகிறது.

என் பக்கம் ஒரு தடை உண்டு. எனக்கு டீயும் போடத் தெரியாது.

ஸ்டீபன்


திண்டிவனம்
5.5.94

அன்புள்ள ஸ்டீபன்,

அப்பா வியாழக்கிழமை நடந்ததை எங்களிடம் சொல்லவே இல்லை. "மார்பு முப்பத்தாறு. பையன் ஒல்லி" என்றார். அவ்வளவுதான்.

இன்று காலை கடிதத்தோடு அடுப்படிக்குப் போனேன். கோயில் வாசலில் அத்தை பேசியதைப் படித்துக் காட்டினேன். "எங்க? அத இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். அம்மாவைக் கூப்பிட்டு, "இவளுக்கும் படி" என்றார். படித்தேன். அம்மா கிட்டே வந்து, அப்பா சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டார்.

கல்லில் இருந்ததைத் திருப்ப அப்பா மறந்துபோனார். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறை.

கருகியதை நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

உங்கள்
பவுலின்