கிறேஸ் எழுதிப் பார்த்த பேனா

கண்டி, 1934 ஆவணி

அன்புள்ள றோசம்மாவுக்கு,

தேவமாதாவின் தயவால் நான் சுகம். உன் முழங்கால் நோவு குறைந்ததா? மாமியின் இருமல் எப்படி?

நேற்று கந்தோரில் என்னோடு வேலை செய்யும் அம்புறோஸ், யப்பான் அரக்குப் பேனா வாங்கப் போனார். அவர் மனைவி கிறேஸும் நானும் கூடப் போனோம்.

"இது நல்லா மினுங்குது, என்ன?" என்று ஒன்றை எடுத்தார்.

மூடி விளிம்பில் பூச்சு உரிந்திருந்தது. நிப்பும் தாளைக் கீறியது. எனக்கு இப்படியொன்று வாங்க வழியில்லையே என்ற பொறாமையில் அந்தக் குறையை முதலில் மறைத்தேன். பிறகு மனம் கேட்கவில்லை.

"அது வெறும் பெயின்ற். மற்றதை எடும்."

மற்றதன் தங்க நிப்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. கிறேஸ் எழுதிப் பார்த்தது கணவனின் பெயரை. கடைக்காரர் முன்னாலேயே, கூச்சமில்லாமல்! பேனா மேலிருந்த பொறாமை அந்த எழுத்தின் மேல் தாவிவிட்டது.

கொஞ்சம் பனங்கட்டி அனுப்பு. அடுத்த கடிதத்தில் "இஞ்சாருங்கோ" என்று தொடங்காமல், ஒரே ஒரு தடவை என் பெயரை எழுது. தபால் கட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

உன்
யாகப்பர்