தனிக் கவனிப்பு உண்டு

மே 6, செவ்வாய்

காலை முழுக்கக் கல்லூரி கேண்டீன்களோடு போயிற்று. மாணவர்கள் எங்கள் இணையதளத்தில் விமர்சனம் போடுவார்கள். மெஷின் அதைப் படித்து நட்சத்திரம் கொடுக்கும். நல்ல வரிகளாகப் பொறுக்கி என் திரைக்கு அனுப்பும். பெற்றோர் முகம் சுளிக்காதபடி அவற்றை ஒரு பத்தியாகக் கோப்பது என் வேலை. இதற்குப் பெயர் கல்லூரி வழிகாட்டி. ‘டீ இருக்கு, டீத்தூளைத்தான் தேடணும்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். நான் ‘மிதமான சுவையில் பானங்கள் கிடைக்கின்றன’ என்று எழுதினேன். இப்படி ஒரு பிழைப்பு.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே வழிகாட்டிதான். பள்ளியை முடித்துவிட்ட மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். தூரத்துக் கல்லூரிக்கு ரயிலில் ஒரு ராத்திரி, ஒரு பகல் போக வேண்டும், நாலரை நட்சத்திரம். இன்னொன்று நம் தெருமுனையில் பஸ் ஏறினால் அரை மணி நேரம், இரண்டே நட்சத்திரம். அவள் கண் எதில் இருக்கிறது என்று சொல்லவும் வேண்டுமா?

மே 9, வெள்ளி

சாப்பிடும்போது போனைப் பார்த்து உரக்கப் படிக்கிறாள்: “‘முதலாண்டு மாணவர்களுக்குத் தனிக் கவனிப்பு உண்டு.’ பாத்தியாம்மா?”

“அதை எழுதினதே நான்தான்டி.”

“நீ எழுத்துப்பிழைதானே பாப்ப?”

இத்தனை வருஷம் வேலை பார்த்து, வீட்டில் என்னைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். இவர் பேப்பருக்குப் பின்னால் சிரிக்கிறார். பேப்பர் ஆடுவது எனக்குத் தெரியாதா?

மே 12, திங்கள்

பஸ் ரூட் கல்லூரிக்கு ஏன் இரண்டே நட்சத்திரம்? மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் முழு விமர்சனங்களையும் திறந்தேன். வழக்கமாகத் திறப்பதில்லை, யாருக்கு நேரம்?

‘சீனியர் தொல்லை இல்லை.’ ‘பயமே இல்லை.’ ‘கிளாஸ் நடக்காத நாளே இல்லை.’ ‘குறை சொல்ல ஒண்ணும் இல்லை.’ பக்கம் பக்கமாக இதே கதைதான். மெஷின் ஒவ்வொரு ‘இல்லை’யையும் குறை என்று எண்ணி நட்சத்திரத்தைப் பிடுங்கியிருக்கிறது!

தலையில் அடித்துக்கொண்டு தூரத்துக் கல்லூரியைத் திறந்தேன். ‘நீச்சல் குளம் இருக்கு.’ ‘ஜிம் இருக்கு.’ ‘சீனியர் தொல்லை இருக்கு.’ ‘கம்ப்ளெயிண்ட் பண்ணா அதுக்குத் தனியா அடி இருக்கு.’ எல்லா ‘இருக்கு’வுக்கும் பாராட்டு. அப்புறம் அந்த வரி— ‘ஹாஸ்டல்ல ஃபர்ஸ்ட் இயருக்குத் தனி கவனிப்பு இருக்கு, ரெண்டு நாள் உக்கார முடியல.’

மெஷின் முதல் பாதியை மட்டும் வெட்டி எனக்கு அனுப்பியிருக்கிறது. நான் அதற்குப் பவுடர் பூசி ‘உண்டு’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். அதைப் படித்துவிட்டுத்தானே இவள் கிளம்புகிறேன் என்கிறாள்.

மே 13, செவ்வாய்

மேலாளரிடம் போனேன். வாயைத் திறந்தால் ஸ்டார், ஸ்டார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் அதுதான்.

“மேடம், மெஷின் எல்லா காலேஜுக்கும் ஒரே மாதிரிதான் கணக்குப் பண்ணுது. பாரபட்சமே கிடையாது.”

“தப்பையும் பாரபட்சம் இல்லாம பண்ணுது சார்.”

“சாஃப்ட்வேர்க்காரர் லீவுல இருக்காரு. அடுத்த மாசம் வரட்டும்.”

அடுத்த மாசம்! அதற்குள் யார் யார் எங்கே போய்ச் சேர்வார்களோ? பத்தியையாவது மாற்றட்டுமா என்றேன். “ஸ்டார் நாலரை இருக்கும்போது பத்தி அழுதுட்டிருந்தா நல்லாவா இருக்கும்?” என்றார்.

சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “நினைச்சேன், கடைசி நேரத்துல ஏதாவது கிளப்புவேன்னு. என்னை வீட்டுலயே வச்சுக்க நீ என்ன வேணா சொல்லுவ” என்றாள்.

கத்திவிட்டேன். ஏன் அவ்வளவு கோபம்? பாதி உண்மை என்பதால்தான். இந்த ‘இல்லை’யும் ‘இருக்கு’வும் கண்ணில் படுவதற்கு முன்னாலிருந்தே நான் பஸ் ரூட் கட்சி. இவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்காக நான் சொல்வது பொய்யாகிவிடுமா? என்ன செய்து தொலைப்பது?

மே 15, வியாழன்

மகளின் அறைக் கதவுதான் பேசுகிறது, டமார் டமார் என்று.

மே 19, திங்கள்

யாரையும் கேட்காமல் இரண்டு பத்திகளையும் மாற்றி ஏற்றிவிட்டேன். தூரத்துக் கல்லூரிக்கு: ‘விடுதியில் மூத்த மாணவர்களின் தொல்லை இருக்கிறது. முதலாண்டு மாணவர்கள் அடிபட்டிருக்கிறார்கள்.’ பக்கத்துக் கல்லூரிக்கு: ‘அப்படிப்பட்ட தொல்லை இல்லை. ஆய்வகம் பழையது. நூலகத்தைச் சீக்கிரம் பூட்டிவிடுகிறார்கள்.’

ஓரிரு விமர்சனங்களில் மட்டும் இருந்த கடைசி இரண்டையும் எழுதாமல் விட்டிருக்கலாம். கை விட்டுவிடத்தான் பார்த்தது. விடவில்லை.

மே 20, செவ்வாய்

“அம்மா, கைடுல மாத்திட்டாங்க.”

மாத்திட்டாங்களாம்! அந்த ‘ங்க’ நான்தான்டி, நான்தான்! பெத்தவள் சொன்னால் கதை. அதையே பெயர் போடாமல் இணையத்தில் ஏற்றினால் வேதவாக்கு.

அவள் அதோடு நிற்கவில்லை. தோழியின் அக்கா அந்தத் தூரத்துக் கல்லூரியில்தான் படிக்கிறாளாம். மாடிப்படியில் உட்கார்ந்து அவளிடம் போனில் வெகுநேரம் பேசினாள். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றாள். “உண்மைதாம்மா. அந்த அக்கா அழுதுட்டாங்க.”

அப்பவே சொன்னேனே என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மே 21, புதன்

“யாரைக் கேட்டு மாத்துனீங்க?” என்று ஸ்டார் எல்லார் முன்னாலும் கேட்டார். நானும் எல்லார் முன்னாலும் விமர்சனங்களை உரக்கப் படித்தேன். உட்கார முடியாத வரி வந்ததும், “போதும் மேடம், போதும்” என்றார். தீர்ப்பு: பத்தி இருக்கட்டும், ஸ்டாரைத் தொடக் கூடாது. ஆக, மேலே நாலரை நட்சத்திரம் மின்னுகிறது, கீழே அடிபட்டார்கள் என்று இருக்கிறது. யாராவது கீழே வரைக்கும் படித்தால் சரி.

மே 28, புதன்

பஸ் ரூட் கல்லூரியை உறுதி செய்துவிட்டாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் என்ன கட்டிக் கொடுப்பது, எந்த பஸ்ஸில் கூட்டம் குறைவு என்றெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

“அம்மா, ஹாஸ்டலுக்கும் சேத்துப் போட்டுட்டேன்.”

“அரை மணி நேரம்தானேடி! அதுக்கு எதுக்கு ஹாஸ்டல்?”

“காலேஜ் விஷயத்துல நீ சொன்னது சரிம்மா. ஆனா நான் தேடுனது காலேஜ் மட்டும் இல்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “விடு” என்றார். என்னத்தை விடுவது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வந்தாள். மதியம் வரைக்கும் தூங்கினாள். ஃபேன் வேகத்துக்கு அப்பாவோடு ஒரு சண்டை. மூன்றாம் வருஷத்துப் பெண் ஒருத்தி இவளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாளாம். அவள் புராணமே ஒரு மணி நேரம் ஓடியது. துவைத்ததை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தேன்.

“லேட்டாச்சும்மா, பஸ் போயிடும். வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் மெசேஜ் போடுறேன்” என்றபடி செருப்பை மாட்டினாள். எதை வீடு என்றோம் என்று அவளுக்கே தெரியவில்லை. இவர் என்னைப் பார்த்தார்.

“சரி, பாத்துப் போ” என்றேன்.

விளக்குப் போடும் நேரத்தில் மெசேஜ் வந்தது. ‘வந்துட்டேன்.’